கிளிவ்டன் மாளிகை: கட்டியவர், விற்றவர், கொடுத்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் கிளிவ்டன் அளவுக்குக் கைமாறியவை குறைவு. அரசனின் சகா, படைத் தளபதி, இளவரசர், ஸ்காட்லாந்துப் பெருநிலக்கிழார், அமெரிக்கக் கோடீஸ்வரர், பல்கலைக்கழகம், ஓட்டல் என்று 350 ஆண்டுகளில் அது பார்க்காத ஆள் இல்லை. இந்த மாளிகையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

கிளிவ்டன் எங்கே இருக்கிறது?

லண்டனுக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், பக்கிங்ஹாம்ஷயரில், டாப்லோ ஊருக்கு அருகே இருக்கிறது. கீழே தேம்ஸ் நதி. அதன் கரையிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் வீடு. வின்ட்சர் கோட்டையும் பக்கம்தான். இந்தப் பக்கத்து வீட்டு உறவு பின்னால் ஒரு தீ விபத்தில் கைகொடுத்தது.

இப்போது நிற்பது பழைய மாளிகையா?

இல்லை. இது மூன்றாவது. முதல் வீடு 1670களில் எழுந்து 1795ல் எரிந்தது. இரண்டாவது 1824க்குப் பிறகு கட்டப்பட்டு 1849ல் எரிந்தது. இன்று நாம் பார்ப்பது 1850–51ல் கட்டியது. பக்கவாட்டுக் கட்டடங்களின் உள்ளே 18ஆம் நூற்றாண்டு வேலை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இந்த மூன்று வீடுகளையும் தாங்கிய மேடைத்தளம் மட்டும் ஒன்றேதான். தெற்குப் புறத்தில் வளைவு வளைவாகச் செங்கல் மாடங்கள் வைத்து, 400 அடிக்கு மேல் நீளமாகக் கட்டிய தளம் அது. முதல் உரிமையாளருக்காக வில்லியம் விண்ட் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. மேலே வீடு இரண்டு முறை சாம்பலானபோதும் அது அசையவில்லை. கிளிவ்டனுக்குப் போகிறவர்கள் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்தில் இறங்கி நின்று இந்தத் தளத்தைப் பாருங்கள் என்பேன். அங்கே கட்டியவற்றில் பழையது அதுதான்.

இத்தனை பேர் கைக்கு ஏன் போனது?

பெரும்பாலான பிரபுக் குடும்பங்களுக்கு மாளிகை என்பது நிலத்தின் தலைமைச் செயலகம். சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கரின் குத்தகைப் பணம்தான் வீட்டை நடத்தும். குடும்பப் பெயர், கல்லறை, ஊர்க் கோவில் எல்லாம் அதோடு பிணைந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டை விற்பது குலத்தையே விற்பதுபோல. கிளிவ்டன் அந்த வகையே அல்ல. கட்டிய நாளிலிருந்து அது லண்டனுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று வைத்துக்கொண்ட இரண்டாவது, மூன்றாவது வீடு. பணம் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது: அரசவைச் செல்வாக்கு, போர், ஸ்காட்லாந்து நிலம், லண்டன் மேஃபேர் மனை, நியூயார்க் வாடகை. அந்த ஊற்று வற்றினாலோ ஆசை தீர்ந்தாலோ வீடு விலைக்கு வந்துவிடும். வாங்கியவர்களும் பாட்டன் சொத்து என்ற தயக்கம் இல்லாததால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டினார்கள்.

முதலில் கட்டியவர் யார்? வாள் சண்டைக் கதை உண்மையா?

கட்டியவர் இரண்டாம் பக்கிங்ஹாம் டியூக் ஜார்ஜ் வில்லியர்ஸ். அவருடைய தந்தை அரசர் முதலாம் ஜேம்ஸின் செல்லப்பிள்ளையாக உயர்ந்து, 1628ல் போர்ட்ஸ்மவுத்தில் குத்திக் கொல்லப்பட்டவர். தந்தையை இழந்த குழந்தை அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தது. பிற்காலத்தில் இரண்டாம் சார்லஸின் அமைச்சர்களில் ஒருவரானது.

வாள் சண்டை உண்மை, இடம்தான் வேறு. ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி அன்னா மரியாவுக்கும் டியூக்குக்கும் தொடர்பு இருந்தது. 1668 ஜனவரியில் லண்டன் அருகே பார்ன் எல்ம்ஸ் என்ற இடத்தில் கணவரும் டியூக்கும் மோதினார்கள். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோர் கையிலும் வாள். டியூக் பக்கம் நின்ற ஒருவர் அங்கேயே இறந்தார். படுகாயமடைந்த ஷ்ரூஸ்பரி இரண்டு மாதத்தில் இறந்தார். அரசர் டியூக்கை மன்னித்துவிட்டார்! அன்னா மரியா ஆண் வேடத்தில் டியூக்கின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. கிளிவ்டன் வீடு அப்போது எழும்பவே இல்லை. ஆனாலும் மாளிகைத் தோட்டத்துப் புல்தரையில் ஒரு வாளின் உருவத்தையும் 1668 என்ற எண்ணையும் பதித்து வைத்திருக்கிறார்கள். சண்டை இங்கேதான் நடந்தது என்று பலரும் நம்புவது அதைப் பார்த்துத்தான்.

நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஜான் ஈவ்லின் 1679ல் இங்கே வந்து இடத்தையும் மேடைத்தளத்தையும் வியந்திருக்கிறார். வீடு எப்படி என்று அரசர் கேட்டபோது, காட்சிக்கும் பூங்காவுக்கும் வின்ட்சரே மேல் என்று சொன்னாராம். வின்ட்சர்காரரிடம் வேறென்ன சொல்வது! இருந்தாலும், முகஸ்துதி இல்லாமல் சொன்னேன் என்று குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

டியூக் 1687ல் பிள்ளையில்லாமல், கடனில் மூழ்கி யார்க்ஷயரில் இறந்தார்.

அடுத்து வந்தவர்?

1696ல் வாங்கியவர் ஜார்ஜ் ஹாமில்டன். அதே ஆண்டு ஆர்க்னி பிரபு என்ற பட்டம் பெற்றார். பிளென்ஹைம் போரில் (1704) முன்னணியில் நின்ற தளபதி. 1736ல் பிரிட்டிஷ் படையில் ஃபீல்ட் மார்ஷல் பதவி பெற்ற முதல் ஆள். 1710 முதல் சாகும்வரை அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஆளுநர் பதவியையும் வைத்திருந்தார். அந்த மண்ணில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. சம்பளம் மட்டும் வந்தது. கிளிவ்டனின் கடைசிப் பெரிய எஜமானி நான்சி ஆஸ்டர் வர்ஜீனியாவில் பிறந்தவர் என்பது ஒரு வேடிக்கைப் பொருத்தம்.

தாமஸ் ஆர்ச்சரை வைத்து வீட்டின் உயரத்தைக் குறைத்துப் பக்கச் சிறகுகளைச் சேர்த்தவர் இவர். கியாகோமோ லியோனி இவருக்காகக் கட்டிய எண்கோணக் கோவிலும் பிளென்ஹைம் மண்டபமும் இன்றும் நிற்கின்றன. 1737ல் இவர் இறந்தபிறகு பட்டமும் வீடும் பெண்வழியில் இறங்கின. கிளிவ்டனை அதிக காலம் வைத்திருந்த குடும்பம் இதுதான். 1824 வரை, 128 ஆண்டுகள்.

‘ரூல் பிரிட்டானியா’ பாட்டு இங்கே பிறந்ததாமே?

பிறந்தது என்று சொல்ல முடியாது. முதன்முதலில் அரங்கேறியது இங்கேதான். ஆர்க்னி பிரபுவின் மகள் வீட்டை வேல்ஸ் இளவரசர் ஃபிரடெரிக்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தந்தை இரண்டாம் ஜார்ஜுடன் ஃபிரடெரிக்குக்கு ஆகவே ஆகாது. அதனால் எதிர்க்கட்சியினர் இளவரசரைச் சுற்றிக் கூடினார்கள். 1740 ஆகஸ்ட் 1 அன்று, தன் சின்ன மகள் அகஸ்டாவின் பிறந்தநாளை ஒட்டி, தோட்டத்தில் ஆல்ஃபிரட் மன்னரைப் பற்றிய இசை நாடகம் ஒன்றை நடத்தினார் இளவரசர். இசை தாமஸ் ஆர்ன். அதன் முடிவில் வந்த பாட்டுதான் அது. கடலை ஆள்வோம் என்று பிற்காலத்தில் ஒரு பேரரசே பாடிய பாட்டு, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வாடகை வீட்டில் இருந்த பிள்ளையின் விருந்தில் ஒலித்திருக்கிறது.

ஃபிரடெரிக் 1751ல் அரசராகாமலே இறந்தார். கிளிவ்டனில் கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டதுதான் காரணம் என்று வெகுநாள் பேசப்பட்டது. அது வதந்தி அளவில்தான் நிற்கிறது. அவர் மகன் மூன்றாம் ஜார்ஜாக அரியணை ஏறினார்.

முதல் தீ எப்படிப் பிடித்தது?

1795 மே 20 அன்று. ஒரு பணிப்பெண் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படுக்கையில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து பிடித்தது என்பார்கள். பெரிய வீடுகளில் தீ என்றாலே பழி வேலைக்காரர் தலையில் விழுவது அக்காலத்து வழக்கம். அந்தப் பெண்ணின் வாக்குமூலம் நமக்குக் கிடைக்கவில்லை. நடு வீடு முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் திருப்பிக் கட்டவில்லை.

வாரண்டர் என்று ஒருவர் இருந்தாரா?

இருந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் ஜார்ஜ் வாரண்டர். 1824ல் வாங்கி, வில்லியம் பர்ன் என்பவரைக் கொண்டு இரண்டாவது வீட்டைக் கட்டினார். விருந்துப் பிரியர், ஊரார் அவர் பெயரையே திரித்துச் சாப்பாட்டு ராமனாக்கிக் கேலி செய்தார்கள். 1849ல் இறந்தார். அவர் வீடு அவருக்குப் பிறகு ஓராண்டுகூட நிற்கவில்லை.

விக்டோரியா அரசி தீயணைப்பு வண்டி அனுப்பியது உண்மையா?

உண்மை. 1849ல் இரண்டாம் சதர்லேண்ட் டியூக் கிளிவ்டனை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் எரிந்தது. வின்ட்சர் கோட்டையிலிருந்து புகையைப் பார்த்த அரசி அங்கிருந்த தீயணைப்பு வண்டிகளை அனுப்பி வைத்தார். வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. டியூக்கின் மனைவி ஹாரியட் அரசியின் நெருங்கிய தோழி. அரசவையில் ஆடைப் பொறுப்பாளர் என்ற உயர்ந்த பதவியில் இருந்தவர்.

டியூக் உடனே சார்லஸ் பாரியை அழைத்தார். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த அதே பாரி. நாடாளுமன்றத்தில் கோதிக் பாணியில் கூர்முனைகளாக அடுக்கியவர், இங்கே இத்தாலிய அரண்மனை பாணியில் நேர்கோடாக ஒரு மூன்று மாடி வீட்டை வைத்தார். வெளியே கல் போலத் தெரிவது கல் அல்ல. செங்கல்மேல் சிமென்ட் பூச்சு. கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் ஓடும் லத்தீன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்டன். பக்கத்தில் நிற்கும் 100 அடி மணிக்கூண்டு 1861ல் ஹென்றி கிளட்டன் கட்டியது. கடிகாரம் ஒப்பனைக்கு, உள்ளே இருப்பது தண்ணீர்த் தொட்டி.

சதர்லேண்ட் குடும்பத்துக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து?

நிலம். வட ஸ்காட்லாந்தில் ஒரு மாவட்டத்தையே கிட்டத்தட்ட முழுதாக வைத்திருந்த குடும்பம். 1810களில் இந்த டியூக்கின் பெற்றோர் காலத்தில், ஆட்டுப் பண்ணை வைப்பதற்காக ஆயிரக்கணக்கான குடியானவர்களைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஹாரியட் அமெரிக்க அடிமை முறைக்கு எதிராகப் பேசியபோது, 1853ல் கார்ல் மார்க்ஸ் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இந்த வெளியேற்றத்தைச் சுட்டிக்காட்டிக் கிழித்துத் தொங்கவிட்டார். கிளிவ்டனின் பூப்பாத்திகளை ரசிக்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். அந்தப் பாத்திகளை அமைத்த தலைமைத் தோட்டக்காரர் ஜான் ஃபிளெமிங், வசந்தகாலப் பூக்களைக் கூட்டமாக நட்டு அழகு காட்டும் முறைக்கு முன்னோடிகளில் ஒருவர்.

வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் ஏன் ஒரு அமெரிக்கருக்கு விற்றார்?

ஹாரியட் 1868ல் இறந்தபிறகு மருமகன் ஹியூ கிராவ்னர் கிளிவ்டனை எடுத்துக்கொண்டார். இவர்தான் பின்னாளில் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக். மேஃபேர், பெல்கிரேவியா மனைகளின் சொந்தக்காரர். பணக் கஷ்டம் என்று சொல்ல இடமே இல்லை. செஷயரில் ஈட்டன் ஹால் என்ற பிரம்மாண்டத் தலைமை வீடு அவருக்கு இருந்தது. முதல் மனைவி கான்ஸ்டன்ஸ், அதாவது ஹாரியட்டின் மகள், 1880ல் காலமானபின் கிளிவ்டனோடு பிடிப்பும் போனது. 1893ல் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டருக்கு 12½ லட்சம் டாலருக்குக் கைமாறியது. அரசிக்கு இதில் வருத்தம்.

ஆஸ்டர் குடும்பத்தின் மூதாதை தோல் வணிகத்தில் சம்பாதித்து மன்ஹாட்டனில் மனைகள் வாங்கிப் போட்டவர். அந்த வாடகைதான் தேம்ஸ் கரைக்கு வந்தது.

ஆஸ்டர் என்னென்ன கொண்டுவந்தார்?

ஒரு கப்பல் கொள்ளும். ரோமில் அமெரிக்கத் தூதராக இருந்த காலத்தில் பழம்பொருள் பித்துப் பிடித்துவிட்டது. ரோமின் வில்லா போர்கேசே தோட்டத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டுக் கல் கைப்பிடிச்சுவரை 1896ல் அப்படியே வாங்கி மேடைத்தளத்துக்குக் கீழே பொருத்தினார். பாரிஸ் அருகே ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னரின் காதலி மேடம் பாம்படோர் தங்கிய அனியேர் மாளிகையின் மரப் பலகைச் சுவர்களைப் பெயர்த்து வந்து தன் சாப்பாட்டு அறைக்கு ஒட்டினார். நுழைவழியில் இருக்கும் ‘காதல் நீரூற்று’ என்ற பளிங்குக் கூட்டம் தாமஸ் வால்டோ ஸ்டோரியிடம் சொல்லிச் செய்வித்தது.

அவருக்கே தெரியாமல் ஒன்றும் வந்தது. 2004ல் கைப்பிடிச்சுவரைச் சுத்தம் செய்த தன்னார்வலர் ஒருவர், கல்லின் இடுக்கில் நீளமாக முறுக்கிய ஓடுள்ள குட்டி நத்தைகளைக் கண்டார். இங்கிலாந்து நத்தை அல்ல. மத்தியதரைக்கடல் பகுதியின் இனம். இத்தாலியிலிருந்து கல்லோடு ஏறி வந்து, நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் குடும்பம் நடத்தியிருக்கின்றன.

ஊராருக்கு ஆஸ்டரைப் பிடிக்கவில்லை. வழக்கமாக உலாவிய இடங்களை மூடி, மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்.

நான்சிக்குக் கல்யாணப் பரிசாகவா கிடைத்தது?

ஆம். மனைவியை 1894லேயே பறிகொடுத்திருந்த ஆஸ்டர், வேறொரு பழைய கோட்டையான ஹீவரை வாங்கி அங்கே போய்விட்டார். 1906ல் மகன் வால்டார்ஃப், நான்சியை மணந்தபோது கிளிவ்டன் தம்பதிக்குப் போனது. நான்சி மாமனாரின் கனமான இத்தாலியச் சாமான்களை ஓரங்கட்டி, பூக்களும் வெளிச்சமுமாக வீட்டை மாற்றினார்.

1919ல் மாமனார் இறக்க, பிரபுப் பட்டம் மகனுக்கு இறங்கி, அவர் மக்களவையை விட்டு விலக வேண்டியதாயிற்று. காலியான பிளிமத் சட்டன் தொகுதியில் நான்சி நின்று வென்றார். பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்த முதல் பெண் அவர். (முந்தைய ஆண்டே கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச் வென்றிருந்தார், அயர்லாந்து விடுதலைக் கொள்கைப்படி அவர் இருக்கையில் அமரவில்லை.)

வீட்டை உண்மையில் நடத்தியவர்கள் வேறு. பட்லர் எட்வின் லீக்கு ‘கிளிவ்டன் பிரபு லீ’ என்றே பட்டப்பெயர். நான்சியின் தனிப் பணிப்பெண் ரோசினா ஹாரிசன் யார்க்ஷயர்க்காரர்; 35 ஆண்டுகள் அவரோடு சரிக்குச் சரி வாயடித்தபடியே வேலை பார்த்தவர்.

முதல் உலகப்போரில் இது மருத்துவமனையாக இருந்ததா?

மாளிகை அல்ல, அதன் நிலத்தில். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் நடத்தியது. அங்கே இறந்த வீரர்களுக்காக ஆஸ்டரின் இத்தாலியத் தோட்டம் ஒன்றே மயானமானது, 42 கல்லறைகள். கைகளை விரித்து நிற்கும் வெண்கலப் பெண் உருவத்தை பெர்ட்ரம் மெக்கெனல் செய்தார், முகம் நான்சியுடையது.

‘கிளிவ்டன் கூட்டம்’ ஹிட்லருக்கு ஆதரவா?

1937ல் கிளாட் காக்பர்ன் என்ற இதழாளர் தன் சிறு பத்திரிகையில் கிளப்பிய பேச்சு இது. வார இறுதி விருந்துகளில் கூடிய ஆஸ்டர்கள், லோதியன் பிரபு, ‘தி டைம்ஸ்’ ஆசிரியர் ஜெஃப்ரி டாசன் போன்றோர் ஜெர்மனியோடு சமரசம் செய்ய அரசைத் தள்ளுகிறார்கள் என்றார். அவர்களில் பலர் சமரசக்காரர்கள்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெளியுறவுக் கொள்கையை நடத்திய சதிக் கும்பல் என்பது மிகை. அன்றைய பிரிட்டனில் பாதிப் பேர் அதே கருத்தில் இருந்தார்கள். 1940 மே மாதம் நார்வே தோல்வி பற்றிய வாக்கெடுப்பில் நான்சி தன் சொந்தக் கட்சிப் பிரதமர் சேம்பர்லினுக்கு எதிராகவே வாக்களித்தார்.

ஏன் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள்?

வரி. 1894ல் இறந்தவர் சொத்துமேல் விதித்த வரியின் உச்சம் 8 சதவீதம், 1919ல் 40, 1949ல் 80. இரண்டு சாவு அடுத்தடுத்து விழுந்தால் எவ்வளவு பெரிய குடும்பமும் வீட்டை இழக்கும். 1934ல், மாளிகைகளைப் பாதுகாப்பு அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம் என்ற யோசனையை மேடையில் முதலில் வைத்தவர் யார் தெரியுமா? மேலே வந்த அதே லோதியன் பிரபு, நான்சியின் நெருங்கிய நண்பர். அவரே தன் பிளிக்லிங் மாளிகையை 1940ல் உயில்வழி கொடுத்தார். கிளிவ்டன் 1942ல் போனது. பராமரிப்புக்கென 2,50,000 பவுண்டும் சேர்த்து.

புரொஃப்யூமோ விவகாரம் நடந்தது இங்கேதானே?

தொடக்கம் இங்கே. 1961 ஜூலை 8, சனிக்கிழமை இரவு, மதில் சூழ்ந்த தோட்டத்து நீச்சல் குளம். எஸ்டேட்டில் ஆற்றோரக் குடில் ஒன்றை ஸ்டீஃபன் வார்டு என்ற எலும்பு வைத்தியர் வாடகைக்கு எடுத்திருந்தார். அவரோடு வந்த 19 வயது கிறிஸ்டின் கீலர் குளத்தில் இருந்தபோது, நான்சியின் மகனான மூன்றாம் ஆஸ்டர் பிரபு பில், விருந்தாளிகளோடு அந்தப் பக்கம் வந்தார். விருந்தாளிகளில் ஒருவர் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ. சோவியத் கடற்படை அதிகாரி இவானோவும் கீலருக்குப் பழக்கம் என்பது தெரிந்ததும் விஷயம் நாட்டுப் பாதுகாப்பாகிவிட்டது. கீலரோடு தவறான உறவில்லை என்று 1963 மார்ச்சில் மக்களவையில் சொன்ன அமைச்சர், பொய் என்று ஒப்புக்கொண்டு ஜூனில் பதவி விலகினார். தன்மேல் தொடுத்த வழக்கு முடியும் தறுவாயில் வார்டு மாத்திரை விழுங்கி இறந்தார். பில் ஆஸ்டர் 1966ல் காலமானார், குடும்பம் வெளியேறியது.

என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் அடிபட்டவர்கள் வரிசை அந்தஸ்துக்குத் தலைகீழ். வார்டு உயிரை விட்டார், கீலர் சிறைக்குப் போனார். அமைச்சர் தொண்டு வேலையில் இறங்கி, பின்னாளில் அரசியிடமே விருது வாங்கினார்.

அதற்குப் பிறகு?

1969 முதல் 1983 வரை கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கல்வி மையமாக வைத்திருந்தது. 1980களின் நடுவிலிருந்து ஓட்டல். 2018ல் மேகன் மார்க்கல் தன் திருமணத்துக்கு முந்தைய இரவைக் கழித்தது இங்கேதான்.

அறை எடுக்காமல் பார்க்க முடியுமா?

தோட்டத்தையும் காட்டையும் நேஷனல் டிரஸ்ட் டிக்கெட்டில் பார்க்கலாம், 376 ஏக்கர். வீட்டின் உள்ளே சில அறைகளைக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் காட்டுகிறார்கள். போகுமுன் அவர்கள் தளத்தில் நாளைச் சரிபாருங்கள். லண்டனிலிருந்து டாப்லோவுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து டாக்சிதான் வசதி.

இனியும் விற்கப்படுமா?

ஓட்டல் நடத்தும் குத்தகை உரிமை பலமுறை கைமாறியிருக்கிறது, இனியும் மாறலாம். நிலமும் கட்டடமும் டிரஸ்டுடையவை. விற்கக்கூடாதது என்று டிரஸ்ட் அறிவித்த சொத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் யாரும் கைமாற்ற முடியாது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது. பழைய உரிமையாளர் யாருக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததில்லை.